பாதி பில்லும் பாலாலயமும்

எங்கள் தெருமுனை மருந்துக்கடையில் மாலை ஏழு மணிக்கு மேல் நிற்க இடம் இருக்காது. சுற்றுவட்டார டாக்டர்கள் கிளினிக் திறக்கும் நேரம் அது. சென்ற மாதம் ஒரு நாள் என் முறை வந்து, ஐந்து மருந்தில் மூன்று திரையில் ஏறியிருந்தது. நான்காவதன் பேட்ச் எண்ணைக் கடைக்காரர் தட்டிக்கொண்டிருக்கும்போது நடுத்திரையில் ஒரு பெட்டி வந்து நின்றது. பில்லிங் மென்பொருளின் புதிய பதிப்பு தயார், இப்போது நிறுவலாமா, பிறகா? "பிறகு" என்பதை அழுத்தினார். "காலையிலேர்ந்து இது நாலாவது தடவை சார். இனிமே தள்ளிப்போட முடியாதுன்னு வேற சொல்லுது" என்றார்.

இருபது வருடமாக மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் அந்தப் பெட்டியின் மறுபக்கமும் எனக்குத் தெரியும். அதை அனுப்புகிறவருக்கும் நியாயம் உண்டு. வரி விகிதம் மாறியிருக்கும், யாரோ ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்திருப்பார்கள், பழைய பதிப்பை வைத்துக்கொண்டு ஒரு நாள் கூடுதலாக ஓடினாலும் ஆபத்தாக இருக்கலாம். கடைக்காரருக்கோ அந்த நிமிடத்தில் எதிரே நிற்கும் பத்துப் பேர்தான் கணக்கு. பயன்பாட்டில் இருக்கும்போதே ஒரு மென்பொருளை மாற்றுவது எப்படி என்பதற்கு இந்தத் துறை பல விதமாகப் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறது. அந்தப் பதில்களை அருகருகே வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: புதிய நிரலைக் கொண்டுவந்து வைக்கும் வித்தை ஏறக்குறையக் கைவந்துவிட்டது. பழைய நிரல் கையில் பிடித்துக்கொண்டிருப்பதை, அதாவது திரையில் ஏறிய அந்த மூன்று மருந்தை, சிந்தாமல் வாங்கிவைப்பதில்தான் இன்னும் தடுமாறுகிறோம்.

முதலில் ஹார்ட் டிஸ்கில் நடப்பதைப் பார்க்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கோப்பை அழிக்கவோ அதன்மேல் எழுதவோ விண்டோஸ் விடாது. பயன்பாட்டில் இருக்கிறது என்று கைவிரித்துவிடும். வேண்டுமானால் பெயரை மாற்றிக்கொள்ளலாம். இதற்கு இன்ஸ்டாலர்கள் கண்டுபிடித்த வழி, ரெஜிஸ்ட்ரியில் ஒரு சீட்டு எழுதிவைப்பது: அடுத்த முறை கணினி எழும்போது இந்தக் கோப்பை எடுத்து அந்த இடத்தில் வை. கணினி எழுந்ததும், மற்ற நிரல்கள் கண் விழிப்பதற்கு முன்பே, செஷன் மேனேஜர் அந்தச் சீட்டைப் படித்து வேலையை முடித்துவிடும். விண்டோஸ் 95 காலத்தில் இதே சீட்டு சாதாரண உரைக்கோப்பாக இருந்தது. எதை நிறுவினாலும் ரீஸ்டார்ட் கேட்கிறதே என்று ஒரு தலைமுறை முழுக்க அலுத்துக்கொண்டதில் பெரும்பங்கு இந்தப் பூட்டுக்கு உண்டு.

யூனிக்ஸும் அதன் வழிவந்த லினக்ஸும் வேறு மாதிரி. அங்கே கோப்பின் பெயர் வேறு, கோப்பு வேறு. உண்மையான கோப்பு ஐநோட் என்ற எண்ணுக்குப் பின்னால் இருக்கிறது, பெயர் வெறும் வாசல் பலகை. பலகையைக் கழற்றிவிட்டாலும் உள்ளே குடியிருக்கிறவர் இருந்துகொண்டேதான் இருப்பார். அவராகக் காலிசெய்த பிறகுதான் வீடு இடிபடும். டெபியன் என்ற லினக்ஸ் வகையில் மென்பொருள் நிறுவும் டிபிகேஜி இதைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. புதிய கோப்பை '.டிபிகேஜி-நியூ' என்ற வாலோடு பக்கத்தில் இறக்கி, கடைசியில் பெயரை ஒரே அசைவில் மாற்றும். பழையதைத் திறந்துவைத்திருப்பவர்களுக்குப் பழையதே கிடைக்கும், இனிமேல் வருகிறவர்களுக்குப் புதியது. இந்த மரியாதை தெரியாமல், வேலைக்குச் சேர்ந்த புதிதில், பல நிரல்கள் பொதுவில் பயன்படுத்தும் நூலகக் கோப்பு ஒன்றின் தலைமேலேயே புதியதை நகலெடுத்தேன். அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்த நிரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. அன்று மதியம் யாரும் என்னோடு சாப்பிட வரவில்லை.

கேட்கும்போது யூனிக்ஸ் வழி புத்திசாலித்தனமாகத் தெரியும். அதில் ஒரு மயக்கமும் இருக்கிறது. 2014 ஏப்ரல் 7 அன்று ஓபன்எஸ்எஸ்எல் நூலகத்தில் ஹார்ட்ப்ளீட் என்ற ஓட்டை வெளியே தெரியவந்தது. வலையில் பாதுகாப்பான தொடர்புக்கு உலகமே நம்பியிருந்த நூலகம் அது. நிர்வாகிகள் அன்றே புதிய பதிப்பை இறக்கினார்கள். டிஸ்கில் இருந்த கோப்பு திருந்திவிட்டது. ஆனால் முந்தைய வாரமே எழுந்து ஓடிக்கொண்டிருந்த வெப் சர்வர், காலிசெய்யப்படாத பழைய வீட்டிலேயே, அதே ஓட்டையோடு குடியிருந்தது. ரீஸ்டார்ட் செய்தவர்களுக்குத்தான் ஓட்டை அடைபட்டது. திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிட்டால் 'அழிக்கப்பட்டது' என்ற குறிப்போடு அப்படிப்பட்ட ஆவிகள் தெரியும். யார் யாரெல்லாம் பழைய நூலகத்தில் ஓடுகிறார்கள் என்று தேடிச் சொல்ல 'நீட்ரீஸ்டார்ட்' என்றே ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். விண்டோஸ் தொல்லை கொடுத்தாவது உண்மையைச் சொல்கிறது, லினக்ஸ் தொல்லை கொடுக்காமல் மறைத்துவிடுகிறது என்று நண்பர்களிடம் வம்புக்குச் சொல்வேன்.

ஒரே செயலி பல செயல்முறைகளாகப் பிரிந்து ஓடத் தொடங்கிய பிறகு இந்த ஆவித் தொல்லை பயனர் கண்ணுக்கே தெரிகிற ஒன்றாகிவிட்டது. லினக்ஸில் ஃபயர்ஃபாக்ஸைத் திறந்துவைத்திருக்கிறீர்கள், பின்னால் அதன் கோப்புகள் மாறிவிடுகின்றன. புதிய டேப் திறந்தால் அதற்கென எழும் செயல்முறை புதிய கோப்பிலிருந்து எழுகிறது. தாய் பழைய பதிப்பு, பிள்ளை புதிய பதிப்பு, ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. ஃபயர்ஃபாக்ஸ் இதைக் கண்டுபிடித்து, மேற்கொண்டு போக ரீஸ்டார்ட் செய்யுங்கள் என்று ஒரு பக்கத்தைக் காட்டி நின்றுவிடும். லினக்ஸில் குரோம் இதைத் தாண்டும் விதம் அழகானது. தொடக்கத்திலேயே ஸைகோட் என்ற கருவை எழுப்பி வைத்துக்கொள்கிறது. பிறகு வரும் பிள்ளைகள் எல்லாம் அந்தக் கருவின் நகல்கள். டிஸ்கில் என்ன மாறினாலும் குடும்பம் முழுக்க ஒரே பதிப்பு. விண்டோஸில் அதே குரோம் புதிய பதிப்பை எண் போட்ட தனி அடைவில் பக்கத்திலேயே இறக்கி வைத்துவிட்டு, நீங்கள் மூடித் திறக்கும்வரை காத்திருக்கிறது. காத்திருப்பை மூலையில் இருக்கும் மூன்று புள்ளிகளின் நிறம் சொல்லும்: முதலில் பச்சை, சில நாளில் ஆரஞ்சு, ஒரு வாரம் தாண்டினால் சிவப்பு. என் மனைவியின் மடிக்கணினியில் நான் பச்சையைப் பார்த்ததே இல்லை.

பக்கத்திலேயே புதியதைக் கட்டிவைத்துவிட்டு, நேரம் வரும்போது மாறிக்கொள்வது நமக்குப் பழக்கப்பட்ட ஏற்பாடுதான். கோயிலில் திருப்பணி தொடங்கினால் கருவறையை மூடத்தான் வேண்டும், ஆனால் பூசை நிற்கக்கூடாது. அதற்காகப் பாலாலயம் அமைப்பார்கள். பழைய பெயர் இளங்கோயில். மூலவரின் சக்தியைக் கலாகர்ஷணம் செய்து கும்பத்துக்கு மாற்றி, பல இடங்களில் அத்திப்பலகையில் எழுதிய உருவத்தில் ஆவாகனம் செய்து வைப்பார்கள். திருப்பணி முடியும்வரை நித்திய பூசை அங்கே. குடமுழுக்கன்று கும்பத்திலிருந்து மறுபடியும் மூலவருக்கு. தற்காலிகக் கொட்டகை போடுவது கொத்தனார் வேலை. கலாகர்ஷணம்தான் சாஸ்திரம் தெரிந்தவர் வேலை. அந்தப் பிரிவினையை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஆண்ட்ராய்டு 7.0, 2016-ல், ஃபோனுக்குள் இரண்டு அறைகள் வைக்கும் வழியைக் கொண்டுவந்தது. இயங்குதளம் 'ஏ' அறையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய பதிப்பு 'பி' அறையில் எழுதப்படும். நீங்கள் வீடியோ பார்த்துக்கொண்டிருக்கலாம். அடுத்த ரீஸ்டார்ட்டில் 'பி'யிலிருந்து எழும். எழ முடியாமல் தவித்தால் தானே 'ஏ'வுக்குத் திரும்பிவிடும். அரைமணி நேரம் பச்சை ரோபோவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம். ஆனால் இது கொத்தனார் வேலை மட்டும்தான். கலாகர்ஷணம் இதில் கிடையாது. ரீஸ்டார்ட் நடக்கத்தான் வேண்டும், அந்த நொடியில் நினைவகத்தில் இருப்பவை போகத்தான் வேண்டும்.

நினைவகத்தில் இருப்பதையும் சேர்த்து மாற்ற முதலில் துணிந்தவர்களில் தொலைபேசிக்காரர்கள் முக்கியமானவர்கள். எக்ஸ்சேஞ்சை அணைத்துவிட்டு அப்டேட் செய்கிறேன் என்று சொல்ல முடியாது, எந்த நேரத்திலும் யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள். சுவீடனின் எரிக்ஸன் ஆய்வகத்தில் 1986 வாக்கில் ஜோ ஆம்ஸ்ட்ராங்கும் தோழர்களும் உருவாக்கத் தொடங்கிய எர்லாங் மொழி, இந்தத் தேவையை மொழிக்குள்ளேயே வைத்துத் தைத்தது. ஒரு மாட்யூலின் இரண்டு பதிப்புகள், பழையதும் நடப்பதும், ஒரே நேரத்தில் நினைவகத்தில் இருக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் செயல்முறை மாட்யூலின் பெயரைச் சொல்லி முழுதாக அழைத்தால் புதிய நிரலுக்குத் தாவும், பெயர் சொல்லாமல் உள்ளுக்குள்ளேயே அழைத்துக்கொண்டால் பழையதிலேயே இருக்கும். தாவும் நேரத்தைச் செயல்முறையே தேர்ந்துகொள்கிறது என்று அர்த்தம். மூன்றாவது பதிப்பு வந்து, அப்போதும் முதல் பதிப்பிலேயே ஒருவர் தொங்கிக்கொண்டிருந்தால் அவர் கதை முடிக்கப்படும். தொங்கலுக்கும் ஓர் எல்லை வேண்டுமல்லவா.

எர்லாங்கில் என்னை ஈர்ப்பது 'கோட் சேஞ்ச்' என்ற சின்னச் செயற்கூறு. பதிப்பு மாறும்போது அமைப்பு உங்களைக் கூப்பிட்டு, பழைய நிலை இது, புதிய பதிப்புக்கு ஏற்றபடி இதை மாற்றிக் கொடு என்று கேட்கும். கலாகர்ஷணத்துக்கென்றே ஓர் இடம். மாற்றிக் கொடுக்க வேண்டியது நிரலாளர். பழைய பதிப்பில் வாடிக்கையாளரின் பெயர் ஒரே துண்டு, புதியதில் முதலெழுத்தும் பெயரும் தனித்தனி என்றால் 'எஸ் கே வேலு'வை எங்கே வெட்டுவது என்று அவர்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பதிப்புக்கும் இப்படி ஒன்று எழுதி, சோதித்து, அடுத்த வாரம் தூக்கிப்போட வேண்டும். வாட்ஸப்பின் சர்வர்களே எர்லாங்கில்தான் ஓடுகின்றன என்றாலும், எர்லாங் குடும்பத்து மொழிகளில் எழுதும் பலர் இந்த வசதியைத் தொடுவதில்லை. சர்வர்களை ஒவ்வொன்றாக ரீஸ்டார்ட் செய்துகொண்டே போவது மலிவு என்கிறார்கள்.

இதை இயந்திரத்திடமே விட்டுவிட முடியாதா என்ற கேள்விக்குக் கல்வியுலகத்தில் பதில் உண்டு, ஒரு பங்கு கான்பூரிலிருந்து வந்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஜெஃப் கிராமரும் ஜெஃப் மேகியும் 1990-ல், மாற்றப்போகும் பகுதி பரிவர்த்தனை எதிலும் இல்லாமல் அமைதியாக இருக்கும் தருணம்வரை காத்திருந்து மாற்ற வேண்டும் என்று வகுத்தார்கள். பில் பாதியில் இருக்கும்போது தொடாதே என்பதன் கணித வடிவம். 1996-ல் தீபக் குப்தா, பங்கஜ் ஜலோட்டே, கௌதம் பருவா மூவரும் ஐஐடி கான்பூர் ஆய்விலிருந்து காட்டியது கொஞ்சம் கசப்பான செய்தி: ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலை இந்தப் புள்ளியில் மாற்றினால் அது செல்லுபடியாகுமா என்று எல்லா நிரல்களுக்கும் பொதுவாகத் தீர்மானித்துச் சொல்லும் வழிமுறை இருக்கவே முடியாது. பாதுகாப்பான தருணம் எது என்று அந்த நிரலை எழுதியவர்தான் சொல்ல வேண்டும், அவருக்கும் தெரியாமல் போகலாம்.

லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலிலும் இதே எல்லைதான். எம்ஐடியில் ஜெஃப் ஆர்னால்ட் 2008-ல் செய்துகாட்டிய கேஸ்ப்ளைஸ் (2011-ல் ஆரக்கிள் வாங்கிக்கொண்டது), 2015 ஏப்ரலில் லினக்ஸ் 4.0-வோடு கெர்னலுக்குள்ளேயே வந்த லைவ்பேட்ச் எல்லாமே பழைய செயற்கூறின் வாசலில் புதியதற்கு ஒரு திசைகாட்டியை நடுகின்றன. ஓட்டை அடைக்க அருமையான வழி. தரவின் வடிவமே மாறும் அப்டேட் என்றால் கை கட்டிக்கொள்ளும்.

சர்வர் உலகம் வேறொரு வழியில் தப்பிக்கிறது: ஒன்றை மாற்றுவதற்குப் பதில் பலவற்றை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்று. என்ஜின்எக்ஸ் வெப் சர்வருக்கு ஒரு சமிக்ஞை கொடுத்தால் புதிய பதிப்பு எழுந்து, பழையவர் கையில் இருக்கும் தொடர்பு வாசலை வாரிசாகப் பெற்றுக்கொள்ளும். பழையவரை ஓய்வெடுக்கச் சொன்னால், பாதியில் இருக்கும் வாடிக்கையாளர்களை மட்டும் முடித்து அனுப்பிவிட்டு விடைபெறுவார். இந்த வழிக்கு நாம் கொடுக்கும் விலை, சிறிது நேரமாவது இரண்டு பதிப்புகளும் ஒரே கடையில் நிற்கும் என்பது.

அந்தச் 'சிறிது நேரம்' என்ன செய்யும் என்பதற்கு நியூயார்க் பங்குச்சந்தை ஒரு பாடம் வைத்திருக்கிறது. நைட் கேப்பிட்டல் நிறுவனம் 2012 ஆகஸ்ட் 1-க்காகத் தன் எட்டு சர்வர்களில் புதிய நிரலை ஏற்றியது. ஏழில் ஏறியது, எட்டாவதை விட்டுவிட்டார்கள். சரிபார்க்க இரண்டாவது ஆள் என்ற நடைமுறையே அங்கே இல்லை. இதோடு நின்றிருந்தால் எட்டில் ஒரு பங்கு வேலை பழைய மாதிரி நடந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் புதிய நிரல், 2003-லேயே உபயோகம் நின்றுபோன பவர் பெக் என்ற பழைய வசதியை இயக்கும் அடையாளக் கொடியை எடுத்துத் தனக்கு வைத்துக்கொண்டிருந்தது. ஏழு சர்வர்களுக்குப் புதிய அர்த்தம் தரும் அதே கொடி, எட்டாவதில் ஒன்பது ஆண்டாக உறங்கிக்கிடந்த நிரலை எழுப்பிவிட்டது. எவ்வளவு வாங்கி முடித்தோம் என்று கணக்கு வைக்காமல் அது வாங்கிக்கொண்டும் விற்றுக்கொண்டும் இருந்தது. சுமார் 45 நிமிடம், 154 பங்குகளில் 40 லட்சம் பரிவர்த்தனைகள், 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். பதற்றத்தில் புதிய நிரலில்தான் கோளாறு என்று நினைத்து, சரியாக ஓடிக்கொண்டிருந்த ஏழிலிருந்தும் அதை எடுத்துவிட்டார்கள். எட்டுமே பழைய பூதமாகிவிட்டன. சந்தை திறப்பதற்கு முன்பே 97 மின்னஞ்சல்கள் பவர் பெக் பெயரைச் சொல்லி ஊழியர்களுக்குப் போயிருந்தன. எச்சரிக்கை என்று யாருக்கும் படவில்லை. அந்த 97 என்ற எண்ணை நினைக்கும்போதெல்லாம் என் அஞ்சல்பெட்டியில் படிக்காமல் கிடப்பவை நினைவுக்கு வரும்.

நம் பிரௌசரில் மூன்று நாளாக மூடாமல் கிடக்கும் டேபும் ஓர் எட்டாவது சர்வர்தான். சர்வரில் புதிய பதிப்பு வந்திருக்கும், டேபில் பழையது ஓடும். அது தனக்குத் தெரிந்த பழைய பெயரில் ஒரு துண்டு நிரலைக் கேட்கும், சர்வரில் அந்தப் பெயரே இருக்காது. நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் இரவு பதினொரு மணிக்குப் பதிப்பேற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கப்போனோம். மறுநாள் காலை, முந்தைய மாலை நீளமான படிவம் ஒன்றைப் பாதி நிரப்பிவிட்டு வீட்டுக்குப் போயிருந்த கிளை அலுவலர்கள் 'அடுத்து' என்பதை அழுத்தினார்கள். வெள்ளைப் பக்கம். பழைய துண்டுகளையும் சில நாள் சர்வரில் வைத்திருக்க வேண்டும் என்று அன்றுதான் கற்றுக்கொண்டோம். தரவுத்தளத்திலும் இதே ஒழுக்கம்: புதிய நெடுவரிசையை முதலில் சேர், இரண்டிலும் எழுது, பழையதைப் படிக்கிறவர் ஒருவரும் இல்லை என்று உறுதியான பிறகே எடு. பிரௌசருக்குள் பின்னணியில் ஓடும் சர்வீஸ் வொர்க்கர் இந்தப் பொறுமையை விதியாகவே வைத்திருக்கிறது. பழைய பதிப்பைப் பயன்படுத்தும் டேப்கள் எல்லாம் மூடப்படும்வரை புதியது வரிசையில் நிற்கும், பக்கத்தைப் புதுப்பித்தாலும் அசையாது. அந்தக் காத்திருப்பைத் தாண்டிக் குதிக்க ஒரு கட்டளையும் உண்டு. அவசரக்காரர்கள் அதைப் போட்டுவிட்டுப் பிறகு வருந்துவார்கள்.

எப்படி மாற்றுவது என்பதைப் போலவே எப்போது என்பதும் யார் தீர்மானிப்பது என்ற கேள்வியாகிறது. 2016-ல் விண்டோஸ் 10, நீங்கள் வேலை செய்யும் மணி நேரங்களைச் சொல்லுங்கள், அப்போது ரீஸ்டார்ட் செய்யமாட்டேன் என்றது. சொல்லாவிட்டால் அதுவாக வைத்துக்கொண்டது காலை 8 முதல் மாலை 5. அலுவலகத்தை நினைத்து வைத்த நேரம். எங்கள் மருந்துக்கடைக்கு மாலை 5-க்கு மேல்தான் வியாபாரமே. பயனரின் பழக்கத்தைப் பார்த்துத் தானே நேரத்தைத் திருத்திக்கொள்ளும் வசதி 2019-ல் வந்தது. ஆண்ட்ராய்டில் ஒரு செயலியைப் புதுப்பித்தால், திறந்திருந்தாலும் அது கொல்லப்பட்டுத்தான் மாற்றப்படும். பயனர் தொட்டுக்கொண்டிருக்கும்போது செய்யாதே, கை எடுத்த பிறகு செய் என்று நிறுவுகிறவர் கேட்டுக்கொள்ளும் வழி 2023-ல், ஆண்ட்ராய்டு 14-ல்தான் கிடைத்தது. இவ்வளவு சாதாரண மரியாதைக்கு இத்தனை ஆண்டு.

யாரையும் கேட்காமல், ரீஸ்டார்டும் இல்லாமல் மாறுவதுதான் உச்சம் என்று நினைப்பவர்களுக்கு 2024 ஜூலை 19. இந்திய நேரம் காலை 9:39-க்கு கிரவுட்ஸ்டிரைக், தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு தரவுக்கோப்பை அனுப்பியது. நிரல் மாறவில்லை, தரவு மட்டும்தான், அதனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. கோப்பு 21-வது உள்ளீட்டைக் கேட்டது, நிரலிடம் 20 மட்டுமே இருந்தது. அது ஓடியது விண்டோஸின் கெர்னலுக்குள் என்பதால் கணினியே விழுந்தது, எழுந்து மறுபடி விழுந்தது. 78 நிமிடத்தில் கோப்பைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி, 85 லட்சம் கணினிகள். நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்த நாள் அது. தரவும் நிரல்தான் என்பது மட்டுமா இதில் விஷயம்? கடைக்காரர் முகத்துக்கு நேரே வந்து நின்ற அந்தப் பெட்டிக்கு, என்ன இருந்தாலும், 'பிறகு' என்று ஒரு பொத்தான் இருந்தது.

எனக்குப் பிடித்த பதில் இவை எதிலும் இல்லை. ஸ்டான்ஃபோர்டில் ஜார்ஜ் கான்டியாவும் அர்மாண்டோ ஃபாக்ஸும் 2003-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இருக்கிறது. மென்பொருளுக்கு முறையாக மூடுதல் என்ற ஒன்றே வேண்டாம் என்றார்கள். திடீரென்று விழுவதுதான் அது நிற்கும் ஒரே வழி, விழுந்த இடத்திலிருந்து எழுவதுதான் தொடங்கும் ஒரே வழி என்று வைத்துக் கட்டுங்கள் என்பது வாதம். அப்படிக் கட்டிய ஒன்றுக்கு அப்டேட் என்பது இன்னொரு விழுதல். கூகுள் டாக்ஸில் எழுதும்போது மின்சாரம் போனால் நாம் பதறுவதில்லை. விண்டோஸ் 11-ன் நோட்பேட், சேமிக்காத வரிகளையும் 2023 முதல் தானே வைத்துக்கொண்டு, மறுபடி திறக்கும்போது அப்படியே விரிக்கிறது. முப்பது வருடத்துக்கும் மேலாக 'சேமிக்கவா?' என்று கேட்டுக்கொண்டிருந்த நோட்பேட்! விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே, அப்டேட்டுக்காக மூடினால் என்னை மறுபடி எழுப்பு என்று செயலி பதிவுசெய்து வைக்கும் வசதியும் இருக்கிறது. கேட்டால் எழுப்பிவிடும். எழுந்தவர் எதைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பதைச் செயலிதான் முன்கூட்டி எழுதி வைத்திருக்க வேண்டும், பெரும்பாலானவை வைப்பதில்லை. ஆறு மாத உழைப்பை லைவ் அப்டேட் வித்தைகளில் போடுவதைவிட, ஒவ்வொரு வரி ஏறும்போதும் பாதி பில்லை டிஸ்கில் எழுதும் இருபது வரி நிரலைப் போடச் சொல்வேன். கட்சிக்காரன் பேச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசி எக்ஸ்சேஞ்சோ இதயத்துக்கு அருகில் ஓடும் கருவியோ எழுதுகிறவர்கள் வேறு சொல்வார்கள், அவர்கள் சொல்வதும் சரியாக இருக்கும்.

அன்று கடையில் அந்தப் பெட்டி ஐந்தாவது முறை வந்தபோது 'பிறகு' மங்கியிருந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்தார், பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தார். கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு நீளவாட்டு நோட்டை இழுத்து, திரையைப் பார்த்துப் பார்த்து மூன்று மருந்தின் பெயர், பேட்ச், எத்தனை மாத்திரை, விலை எல்லாம் எழுதிக்கொண்டார். நான்காவதையும் ஐந்தாவதையும் அட்டையைப் பார்த்து எழுதினார். மேல் மூலையில் என் கைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கம். அதற்குப் பிறகுதான் 'இப்போது' என்பதை அழுத்தினார். பட்டை நகரத் தொடங்கியது. "அடுத்து யாருமா? சீட்டைக் குடுங்க" என்று நோட்டில் புதுக் கோடு போட்டார்.